பியர்

கிரிம்ஸ்பியில் மீன் அரியும் ஈனிட் தாக்ரேவுக்கு
அரசாங்கக் கடிதம். ஜூரி வேலை, இரண்டு வாரம்.
கத்தியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு
எலுமிச்சை போட்டுக் கை தேய்த்துப் போனாள்.

ஆறிப்போன தேநீருக்கு முன்னால்
ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் விளக்கினார்:
"கூண்டில் நிற்பவனை அவனுடைய பியர்கள்தான் தீர்க்கணும்.
பியர் என்றால் நிகரானவர்.
நாம்தான்."

அவளுக்குத் தெரிந்த பியர்
டிவியில் சிவப்பு அங்கிக்குள் தூங்கி வழியும் பிரபு.
அவர் யாருக்கு நிகர்?

"மற்றப் பிரபுக்களுக்கு" என்றார்,
கொஞ்சம் யோசித்து.

ஒரே சொல்தான்.
மாடியேறினால் கதவைச் சாத்திக்கொள்கிறது,
கீழே வந்தால் பன்னிரண்டு நாற்காலி போடுகிறது.

ரீஸ் ஹாலம், பத்தொன்பது வயது.
தேவாலயக் கூரையில் ஈயத்தகடு உரித்தானாம்.
வக்கீல்கள் பேசினார்கள், பேசினார்கள்,
யாரோ தண்ணீர் கேட்டார்கள், மறுபடி பேசினார்கள்.
ஈனிட் கண்ணைச் சுருக்கி
அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்
(உற்றுப் பார்ப்பதற்கும் அங்கே அதே சொல், அதே எழுத்து;
சர்வேயர் அதைச் சொல்லவில்லை).
கட்டைவிரலில் ஒரு பழைய வெட்டு,
தையல் போடாமல் கோணலாக ஆறியது.

தன் கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மூன்றாம் நாள், பூட்டிய அறையில்,
"குற்றவாளி என்பவர்கள் கை தூக்கலாம்."
ஒன்பது கைகள்.
பத்தாவதாக, பையிலிருந்து மெல்ல வெளியே வந்தது
கோணலாக ஆறிய
இன்னொரு கட்டைவிரல்.