முப்பத்தேழில் நான் இல்லை

கஸ்பார், எங்கள் வாக்குச்சாவடியில்
உனக்கு விழுந்தது முப்பத்தேழு.
அந்த முப்பத்தேழில் நான் இல்லை.
இதைச் சொல்லாமல் உனக்கு ஐஸ் பில் எழுத
இனி எனக்குக் கை வராது.

நீ படகுச் சின்னம் கேட்டாய்.
கொடுத்தது குளிர்சாதனப் பெட்டி.
தங்கச்சிமடமே சிரித்தது:
"மீன் செத்த பிறகுதான் இவன் சின்னத்துக்கு வேலை."
நீயும் கூடச் சிரித்திருக்கலாம்.
ஆணையத்துக்கு மூன்று பக்கக் கடிதம் எழுதி
நகலை எங்கள் கம்பெனிச் சுவரில் ஒட்டினாய்.
உப்புக்காற்றில் பசை இரண்டு நாள்தான் நிற்கும்.

நீ பேசியதில் பொய் கிடையாது.
இரட்டைமடி கடலின் அடிவயிற்றை வழிக்கிறது என்றாய்.
வழிக்கத்தான் செய்கிறது.
இறங்குகிற கூடைகளைத் தினம் எண்ணுகிறவள் நான்.
விரல் நீளச் சங்காயம், முட்டையோடு நண்டு,
எல்லாம் கோழித் தீவனத்துக்கு.
ஆனால் அதை நீ சொன்ன இடம் விசைப்படகுத் துறை,
சொன்ன நேரம்
டோக்கனுக்கு வரிசை நின்ற விடியற்காலை.
அந்த வரிசையில் முதலாளி இரண்டே பேர்.
மற்றவர்கள் பங்குக்குப் போகிறவர்கள்,
என் தம்பி ரெக்சனும்.
"உங்கள் பிழைப்பு திருட்டு" என்று
அவர்கள் காதில் விழுந்தது.
நீ அப்படிச் சொல்லவில்லை, தெரியும்.
விழுந்தது அதுதான்.

அப்புறம் திருப்புல்லாணிக்கு மேற்கே போனாய்.
கண்மாய் தூர்ந்து,
மிளகாய்ப் பழத்தைக் களத்தில் பரப்பி
வானத்தையும் வியாபாரியையும்
மாறி மாறிப் பார்த்திருந்தவர்களிடம்
பவளப்பாறை பற்றி நாற்பது நிமிடம்.
ஒருத்தர் எழுந்து கேட்டாராம்,
"இங்கேருந்து கடல் எம்புட்டுத் தூரம்ப்பா?"
கிலோமீட்டர் கணக்கில்
சரியாகப் பதில் சொன்னாயாம்.

கீழக்கரையில் தேநீர் கொடுத்தார்கள்.
"நல்ல பிள்ளை" என்றார்கள்.
தேர்தல் நேரத்தில் அதற்கு வேறு அர்த்தம்.
நீ அதை வாழ்த்தென்று எடுத்துக்கொண்டு
நோட்டீஸில் அச்சடித்தாய்.

பாம்பன் கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன்.
கடைசி வரிசை, விளக்குக் கம்பத்தடி.
நாற்காலிகள் நிறைந்துதான் இருந்தன.
பாதிப் பேச்சில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தது.
எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற லாரி, கஸ்பார்.
பெண்கள் எழுந்தார்கள்.
நாற்காலிக் கால்கள் மணலில் இழுபட்டன.
நீ மைக்கை நெருங்கிச் சொன்னாய்:
"இந்த ஒரு குடத்தைக் காட்டித்தான்
நம்மை விலை பேசுகிறார்கள்."
உண்மை.
அந்தக் குடம்
அப்போது என் இடுப்பில் இருந்தது.

பணமா என்று கேட்பாய்.
வந்தது. வாங்கினேன்.
பணம்தான் காரணம் என்று சொன்னால்
இன்று ராத்திரி உனக்குத் தூக்கம் வரும்.
அந்தத் தூக்கத்தை நான் தரமாட்டேன்.

தை மாதம் ரெக்சன் போன படகை
நெடுந்தீவுப் பக்கம் பிடித்துப் போனார்கள்.
ராத்திரி இரண்டு மணி.
போன முறை ஜெயித்தவரின் உதவியாளருக்கு அடித்தேன்.
மூன்றாவது மணியில் எடுத்தார்.
ஒன்றும் கிழிக்கவில்லை.
"மனு கொடும்மா, பார்ப்போம்" என்றார்.
ஆனால் எடுத்தார்.
உன் நம்பரும் என்னிடம் இருந்தது.
நீ முதல் மணியிலேயே எடுத்திருப்பாய்,
சட்டையை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருப்பாய்,
விடியும்வரை எங்கள் வாசலில் உட்கார்ந்திருப்பாய்.
அதற்குப் பிறகு
நீ யாரைக் கூப்பிட்டிருப்பாய்?
அவரைத்தானே.

இயந்திரத்தின் முன்னால்
உன் பெட்டியைப் பார்த்தேன்,
பதினான்காவது வரிசையில், சின்னதாக, கதவு மூடி.
விரல் அங்கே கொஞ்சம் நின்றது.
வெளியே யாரோ இருமினார்கள்.

உன் கணக்கு:
நேற்று இரண்டு கட்டி, இன்று இரண்டு கட்டி,
பழைய பாக்கி நானூற்றைம்பது.
டெபாசிட் போனவனிடம் கேட்கக் கூடாதுதான்,
முதலாளி கேட்கிறார்.
திரும்ப நிற்பாயா, தெரியவில்லை.
நின்றால்,
லாரி எந்த நாள் வரும் என்று
முதலில் எங்களிடம் கேட்டுவிட்டு
மைக் கட்டு.