கூட்டக் குறிப்பு

இது மூன்றாவது பிரதி.
முதல் பிரதியில் "இனவெறி" என்று இருந்தது.
தலைவர் சிவப்பு மையால் சுழித்து
"கசப்பான அனுபவம்" என்று மாற்றச் சொன்னார்.
இரண்டாவதில் அதுவும் காரமாகத் தெரிந்தது.
இப்போது,
"மாணவி மனம் வருந்தியதாகத் தெரிகிறது."

விசைப்பலகைக்கு எல்லாம் ஒன்றுதான்.
எதை அடித்தாலும் அதே சத்தம்.

ஜன்னலுக்கு வெளியே நாகமலை
சட்டை உரிக்காத பாம்பாக வெயிலில் கிடக்கிறது.
உள்ளே ஐந்து பேர், ஐந்து டம்ளர், ஒரு தட்டு முறுக்கு.
எதிர் நாற்காலியில் அகெல்லோ.
உகாண்டா, லீரா. தாவரவியல், ஆய்வு மூன்றாம் ஆண்டு.
கைப்பையை மடியில் வைத்து
இரண்டு கையாலும் பிடித்திருக்கிறாள்,
கூட்டமான பஸ்ஸில் இடம் கிடைத்தவள் மாதிரி.

"அவர் என்ன சொன்னார், சரியாச் சொல்லும்மா."

சொன்னாள். தமிழிலேயே சொன்னாள்.
"லைட்டைப் போடுங்கப்பா, ஆளே தெரியல."
ளகரம்கூடப் பிசகவில்லை.
நம்மிடம் அவள் தமிழ் படித்தது
இப்படியான வாக்கியங்களில்தான்:
மாட்டுத்தாவணியில், மெஸ்ஸில்,
வாடகைக்கு வீடு கேட்டு நின்ற எட்டு வாசல்களில்.

"தமாஷுக்குச் சொல்லியிருப்பாரு."
"எங்க பிள்ளைகளையே அப்படித்தாம்மா கூப்பிடுறோம்,
கருப்பா, கருப்பாயின்னு. அது பாசம்."
"நம்ம சாமியே கருப்பசாமி. நமக்கு ஏது அந்தப் பேதம்?"

விதியில் இடமிருந்தால்
முறுக்கு உடைந்த சத்தத்தையும் குறித்திருப்பேன்.

அவள் ஆராய்வது கேப்பை.
செக்கானூரணி விலக்கில்
கூழ்வண்டி முன்னால் ஒருநாள் பார்த்தேன்.
சொம்பைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"இது எங்க பக்கத்துல இருந்து வந்தது, தெரியுமா?
எங்க பாஷையில இதுக்குப் பேரு கல்."
கல்லா, என்றேன்.
மோர்மிளகாயைக் கடித்தபடி சிரித்தாள்.
கூழ்க்காரம்மா அவளிடம் மட்டும்
பத்து ரூபாய் கூட வாங்கினார்.

வகுப்பில் இருந்தவர்கள் இருபத்திரண்டு பேர்.
இருபத்திரண்டு பேரும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்:
"நாங்கள் கவனிக்கவில்லை."
எல்லாம் ஒரே பேனா.
அழகர்கோயில் பதினெட்டாம்படியில்
சந்தனம் பூசிய அந்தக் கதவின் முன் நின்று
இதைச் சொல்வார்களா?
ஒரு வெள்ளாட்டுத் தகராறுக்கே
அங்கே வர மறுத்துப் பணத்தைக் கட்டியவர்களை
எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நானும் இருந்தேன்.
வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க
வாசலில் நின்றேன்.
சிரித்தேன்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு அட்டக்கரி என்று பேர்.
கல்யாண ஆல்பத்தில்
ஸ்டுடியோக்காரர் என் முகத்துக்கு மட்டும்
கேட்காமலே வெளுப்பு ஏற்றித் தந்தார்,
காதை மறந்துவிட்டார்.
அந்தச் சிரிப்பு பேராசிரியரின் தமாஷுக்கு வந்ததில்லை.
இன்றைக்கு நான் இல்லை, வேறொருத்தி
என்ற நிம்மதிக்கு வந்தது.
அகெல்லோ அப்போது திரும்பிப் பார்த்தது
அவரை அல்ல,
வாசலை.

"எழுதிக்கப்பா.
சாட்சியம் எதுவும் இல்லாமையால்..."
தலைவர் சொல்லச் சொல்ல விரல் ஓடியது.
"இல்லாமையால்" வரை ஓடியது.

நின்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.
"என்னப்பா, கரண்ட் போயிருச்சா?"
மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அழித்தேன். அடித்தேன்.
சாட்சி ஒன்று: ம. இருளாண்டி,
இளநிலை உதவியாளர்,
சிரித்தவர்களில் ஒருவன்.

அச்செடுத்த தாள் சூடாக இருந்தது.
ஐந்து பேருக்கான இடத்துக்கு மேலே
பதினேழு வருஷமாக "எம். ஆண்டி" என்று போட்ட கை
முழுப்பேரையும் எழுதத் தடுமாறியது.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.
அகெல்லோ எனக்கு நன்றி சொல்லவில்லை.
தாளை வாங்கிப் படித்தாள், இரண்டு தரம்.
கைப்பையைத் திறந்து ஒரு பேனாவை நீட்டினாள்.

"தேதி போடலையே" என்றாள்.