கல் என்று சொன்னேன்

எலும்பு வெட்டும் கத்தரியால்
ஒரு விரற்கணு நறுக்கி
உப்புத்தண்ணீரோடு பையில் முடிந்து
என் ஜாக்கெட்டுக்குள் திணித்தார் சும்ஸ்டைன்.
வெளியே மைனஸ் ஆறு.
ஆராவிலிருந்து ஓல்டன் வரை
நெஞ்சுச் சூட்டில் வந்தது பவளம்.

பசை தண்ணீருக்குள்ளும் பிடிக்கும் என்றார்.
முதலில் பிடித்தது என் பெருவிரலை.
மூன்றாம் தடவை பாறையில் நின்றது,
கொஞ்சம் சரிந்து,
பக்கத்துப் பச்சைக்காரிக்கு ஒரு சாண் தள்ளி.
இருட்டியதும் அவள் நீளக் கை வீசிச் சுடுவாளாம்.

ஒன்பது நாள் மூடியே கிடந்தது.

பத்தாம் நாள்
ஹீட்டர் பார்க்க வந்தான் வீட்டுக்காரரின் ஆள்.
நீல வெளிச்சத்தில் மூக்கை ஒட்டிக்கொண்டு
மீன் எங்கே என்றான்.
இல்லை.
ஒப்பந்தத்தில் பிராணி கூடாது, தெரியுந்தானே?
தெரியும்.
அப்போ இது செடியா?
கல், என்றேன்.
படிவத்தில் எழுதிக்கொண்டான்:
கற்கள், சில.

இரவு வேலை முடிந்து ஒரு மணிக்கு,
சப்பாத்துகூடக் கழற்றாமல் குனிகிறேன்.
கல்
வாய் திறந்து
இறால்தூள் தின்றுகொண்டிருக்கிறது.

எண்ணினேன்.
பதினொன்று. இல்லை, பன்னிரண்டு.
ஓரத்தில் ஒன்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.