இரண்டிஞ்சி வாட்டர்பம்ப்

ஒட்டுசுட்டான் பொலிஸ் நிலையத்தில்
அவருடைய சிங்களத்தைத் தமிழாக்குவதும்
அவளுடைய தமிழைச் சிங்களமாக்குவதும்
என் வேலை.

காணாமற்போனது இரண்டிஞ்சி வாட்டர்பம்ப்.
முத்தையன்கட்டு இடதுகரை, கச்சான் தோட்டம்,
பொன்னுத்துரையின் முறைப்பாடு.
கூட்டிவந்தது கிருபாலினியை.
வாய்க்காலோரம் போனவள், ஒருவர் கண்டாராம்.
வாய்க்காலோரந்தான் அவள் வீட்டுக்குப் பாதை.

பொறுப்பதிகாரி கெட்டவர் இல்லை,
இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.
கை நீட்டமாட்டார். போயாவுக்கு மச்சம் தொடமாட்டார்.
கசிப்புக்காரரைக் காடுவரை துரத்தியவர்.
அதனால்தான் எனக்குப் பயம்.
காசு வாங்குகிறவனிடம்
காசைக் கொடுத்தாவது தப்பலாம்.

இரவு பத்துமணிக்கு எங்கிருந்து வருகிறாய்?
"கார்மென்ட்ஸ். ரெண்டாம் ஷிப்ட்."
புருஷன்?
"விட்டிட்டுப் போட்டார்."
விட்டது அவனா, நீயா?
மோட்டார்சைக்கிள் யார் தந்தது?
"லீசிங்."
தலைமயிரை ஏன் வெட்டினாய்?

பம்பைப் பற்றிக் கேட்பார் கேட்பார் என்று
காத்துக்கொண்டிருந்தேன்.
அந்த ஒரு சொல்தான் இரண்டு மொழிக்கும் பொது,
எனக்கு வேலையே வைக்காத சொல்.
அது வரவில்லை.

பேனாவை மூடினார்.
"இருபத்தாறு வருஷம். முகத்தைப் பார்த்தாலே
எனக்கு நெஞ்சுக்குள் விளங்கிவிடும்."
புத்தகத்தில் நெஞ்சுக்கென்று கட்டம் இல்லை.
சாட்சியம் என்ற இடத்தில் எழுதச் சொன்னார்:
நடத்தை திருப்தியில்லை.
எழுதினேன்.
என் கையெழுத்து அழகானது, எல்லாரும் சொல்வார்கள்.

தனக்கு வாசிக்கத் தெரியாத பக்கத்தின் கீழே
அவள் தமிழில் ஒப்பமிட்டாள்.
பாதிப் பெயரில் மை தீர்ந்து
என்னுடைய பேனாவை வாங்கினாள்.

இரவு முழுக்க வாங்கில் இருந்தாள்.
இந்த மாத வருகைக் கொடுப்பனவு போச்சு என்றாள்,
சுவரைப் பார்த்து.
அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் பொன்னுத்துரை வந்தார்,
செருப்பை வாசலில் கழற்றிவிட்டு.
பம்ப் மாங்குளத்துக் கடையொன்றில் இருக்கிறதாம்.
விற்றது மகன்.
முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கேலாதோ,
பெடியன் கம்பஸுக்கு எடுபட்டிருக்கிறான்.

ஐயா தலையாட்டினார். நல்ல குடும்பம்.
பிறகு வாங்குப் பக்கம் திரும்பி,
கோபமில்லாமல், கொஞ்சம் கவலையோடுகூட, சொன்னார்:
"இதைச் செய்யாவிட்டால்
வேறெதையாவது செய்திருப்பாள்."

அவள் எழும்பி நின்று
என்னைப் பார்த்தாள்.
"என்னவாம்?"

"போகலாமாம்" என்றேன்.