கூடாரம் ஆயிரத்து ஐந்நூறு, அறை ஒன்பதாயிரம்

பிள்ளைகளுக்குப் பூங்கா வேண்டும்.
காரைநகர்க் கரையோரம் புதிதாய்த் திறந்தது.
தண்ணீர்ச் சறுக்கு, மோதும் கார்,
பனைகளுக்கு மேலே தலை நீட்டும் ஒரு இராட்டினம்.
மாங்குளத்திலிருந்து போய் அன்றைக்கே திரும்பினால்
பாதி நாளை பஸ் தின்றுவிடும்.
ஒரு இரவு தங்கத்தான் வேண்டும்.

தொலைபேசியில் இரண்டு விலை சொன்னார்கள்.
சவுக்கு மரங்களுக்குக் கீழே கூடாரம்: ஆயிரத்து ஐந்நூறு.
பக்கத்து ஹோட்டலில் ஏசி அறை: ஒன்பதாயிரம்,
காலைச் சாப்பாடு சேர்த்து.

நான் கூடாரம் என்றேன்.
காசு ஒரு காரணம். மற்றதைச் சொல்லவில்லை.
தோஹாவில் ஆறு வருடம்
நாளுக்கு இருபத்தாறு கட்டில் விரித்தவன் நான்.
யாரோ விட்டுப்போன ஒற்றை முடியை
வெள்ளை விரிப்பிலிருந்து நுனிவிரலால் எடுத்தவன்.
அதில் ஏறிப் படுக்க
இன்னும் கூச்சம்.

அபிசன் துள்ளினான்.
மிதுசா டோர்ச்சுக்குப் பற்றரி வாங்கச் சொன்னாள்.
சுகிர்தா மீன் வெட்டிக்கொண்டே கேட்டாள்:
"தண்ணி எங்க எடுக்கிறது?"
"குழாய் இருக்காம்."
"எத்தினை பேருக்கு ஒரு குழாய்?"
"கேக்கேல்லை."
"கக்கூசுக்குப் போற வழியில ராவில லைற் இருக்குமோ?
மழை வந்தா எந்தப் பக்கம் வடியும்?"

நீ என்ன இஞ்சினியரோ என்று சிரித்தேன்.
அவள் சூடையின் தலையைக் கிள்ளி எறிந்தாள்.
"ஏழு மாசம் சும்மா படுத்தனான்.
இனிக் காசு குடுத்துப் படுக்கமாட்டன்."

கல்யாணமாகிப் பதினொரு வருடம்.
அந்த ஏழு மாதத்தில்
ஒரு நாளைக்கூட நான் கேட்டறியவில்லை.
ஒன்பதாயிரத்தை அனுப்பிவிட்டேன்.

அறையில்
விரிப்பின் மூலை சரியாய் மடியவில்லை.
எல்லோரும் கடலில் நிற்கும்போது
இழுத்துச் செருகிவிட்டு வந்தேன்.

நள்ளிரவில் மழை.
எழும்பிப் பார்த்தால் சுகிர்தா ஜன்னலடியில்.
கீழே, சவுக்குக்குள், இரண்டு கூடாரம்.
கொழும்பிலிருந்து வந்த பெடியள் நாலு பேர்
கைபேசி வெளிச்சத்தோடு அங்குமிங்கும் ஓடுகிறார்கள்.
"பள்ளத்தில அடிச்சிருக்கினம்" என்றாள்.
கேத்தில் வைத்திருந்த தகரத் தட்டை எடுத்துக்கொண்டு
இறங்கிப் போனாள்.

நான் குடையோடு போய்ச் சேர்வதற்குள்
மண்ணில் முழங்காலிட்டிருந்தாள்.
தட்டால் வெட்டி, கையால் அள்ளி,
கூடாரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால்.
மேட்டுப் பக்கம் இரட்டையாய்.
வெட்டிய மண் உள்பக்கம், அணையாக.
பெடியனொருத்தன், "அக்கா, எங்க பழகினீங்கள்?" என்றான்.
"இப்பிடிப் பிடி" என்று
தட்டை அவன் கையில் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது
வெள்ளை ஓட்டுத் தரையில் அவள் சேற்றுக் கால்கள்,
வாசலிலிருந்து கட்டில்வரை.
நான் துவாயை எடுத்துக் குனிந்தேன்.
"விடுங்கோ, அதுக்கு ஆள் இருக்கு" என்றாள்.
அந்த ஆள் நான்தான் என்று
அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன்.
தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட
கேட்டுக்கொண்டிருந்தாள்.
பிறகு இரண்டு பேருமாய்த் துடைத்தோம்.

காலையில் தோசை, பாண், ஒரு தட்டு அன்னாசி.
இரண்டு வாழைப்பழம் அவள் பைக்குள் போனது.
நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

இராட்டினத்துக்கு நீளமான லைன்.
அதைக் கண்டதும் அவள் கொஞ்சம் பின்வாங்கினாள்.
பிறகு நின்றாள்,
கையில் வாளியில்லாமல், அட்டையில்லாமல்,
கிடைக்காவிட்டால் ஒன்றும் ஆகாத ஒரு பொருளுக்காக.
வெயில் ஏறியது. முக்கால் மணித்தியாலம்.

எங்கள் முறை வந்தபோது
பின்னால் நின்ற குடும்பத்தை முன்னே விட்டாள்.
அதற்கும் பின்னால் நின்ற இரண்டு பிள்ளைகளையும்.
மிதுசா காலை உதைத்து "அம்மா!" என்று கத்தினாள்.

"போகட்டும்" என்றாள் சுகிர்தா.
"எங்களுக்கு என்ன அவசரம்?"