தட்டு

மோன்க்ளோவாவில் எஃகு ஆலை நின்றுபோன வருஷம்
என் தபால் பை கனத்தது.
காதல் கடிதம் ஒன்றுகூட இல்லை, எல்லாம் வங்கி:
நிலுவை, மீண்டும் நிலுவை,
இறுதி நினைவூட்டல்,
அதற்குப் பிறகும் ஓர் இறுதி நினைவூட்டல்.

பைக்கு மட்டுமா கனம்?
நூற்றுப் பதினெட்டு கிலோ என்று
மருத்துவமனைத் தராசின் முள் நடுங்கி நின்றபோது
என் மோட்டார் சைக்கிளை நினைத்துத்தான் வருத்தப்பட்டேன்.

வாயைக் கட்டு என்றான் மச்சான் ஹிலாரியோ.
வாயைக் கட்டு என்றார் பாதிரியார்,
பன்றித்தோல் வறுவலை நொறுக்கிக்கொண்டே.
கட்டினேன், பதினாறு நாள்.
பதினேழாம் நாள் கட்டறுத்த காளை
எந்த வயலில் மேய்ந்தது என்று
ஒப்துலியாவிடம் கேளுங்கள்,
காலி டப்பாக்களைக் கழுவியவள் அவள்தான்.

டாக்டர் பிரிஸ்கா
மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு மூளை வரைந்தார்.
பூசணிக்காய் மாதிரி இருந்தது.
"வெனான்சியோ, உங்கள் கொழுப்பு சும்மா கிடக்கவில்லை,
எழுதிக்கொண்டே இருக்கிறது.
'போதும், இருப்பு இருக்கிறது' என்று
ரத்தத்தில் போட்டு மூளைக்கு அனுப்புகிறது.
அந்தக் கடிதத்துக்கு லெப்டின் என்று பெயர்.
கொழுப்பு கூடினால் கடிதமும் கூடும்."

"அப்படியானால் எனக்குப் பசியே எடுக்கக் கூடாதே?"

"கடிதம் போய்ச் சேருகிறது.
வாங்கத்தான் ஆளில்லை."

இதை எனக்கா விளக்க வேண்டும்?
வாதுமைத் தெரு, இருபத்தேழாம் எண், எட்விகெஸ் அம்மாள்.
முதல் கடிதத்துக்கு மாவுக் கையோடு ஓடி வந்தாள்.
ஐந்தாவதுக்கு ஜன்னல் வழியே விரல்கள் மட்டும்.
நாற்பதாவதுக்கு
உள்ளே தொலைக்காட்சி சிரிக்கிறது,
கதவு மூச்சு விடவில்லை.
அவள் செவிடில்லை, சோம்பேறியுமில்லை.
தட்டித் தட்டி
நான்தான் அவளைக் கேளாதவளாக்கினேன்.

இன்னொன்றும் சொன்னார் டாக்டர்,
அதை நான் ஏற்கெனவே வெட்கத்தோடு அறிந்திருந்தேன்.
தெருமுனைக் கடையில் சிவப்புக் குளிர்பெட்டி.
நாற்பத்திரண்டு டிகிரி வெயிலில்
அதன் கைப்பிடியைத் தொடும் கணம்தான் திருவிழா,
குடிப்பது வெறும் பந்தல் பிரிப்பு.
டோபமின் என்றார்.
ஒரு காலத்தில் ஒரு பாட்டிலுக்குத் தெருவே எரிந்தது.
இப்போது மூன்று பாட்டிலுக்கு
ஒரு குண்டு பல்பு, அதுவும் மினுக்கி மினுக்கி.
மூளை தன் விளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டதாம்.
நான் இருட்டில் நின்று
இன்னும் இன்னும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ராத்திரி நான் காவலாளி,
பழைய இரும்புக் கிடங்கில்.
நாலு மணி நேரத் தூக்கம்.
தூங்காதவன் வயிற்றில் கிரெலின் என்றொரு கடன்காரன்
நேரங்கெட்ட நேரத்தில் வந்து நிற்பானாம்.
வருவான். எனக்கு அவன் முகமே தெரியும்.
அதிகாலை மூன்று மணிக்கு,
சர்க்கரை ஓடு போட்ட ரொட்டி கேட்டு.

"என்ன செய்ய?" என்றேன்.
சத்தத்தைக் குறையுங்கள் என்றார்.
கறுப்பு அவரை, தண்ணீர், தூக்கம்.
தேவைப்பட்டால் பிறகு ஊசி மருந்து.
எடை திரும்பி வரலாம் என்றும் சொன்னார், மறைக்காமல்:
"பெரிய உடம்பைத்தான் தன் வீடென்று
மூளை நினைவில் வைத்திருக்கும்."

காவல் வேலையை விட்டேன். காசு குறைந்தது.
ஒப்துலியா ஒன்றும் சொல்லவில்லை,
பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்தாள்.
பதினோரு வாரம். நாலு கிலோ.
ஹிலாரியோ சிரித்தான்,
"மழையில் நனைந்த நாய்கூட உதறினால் இவ்வளவு குறையும்."

இருபத்தேழாம் எண்ணில் இப்போது நான் தட்டுவதில்லை.
கடிதத்தை இடுக்கில் செருகிவிட்டு
ஒருமுறை மட்டும் மெதுவாக இருமுவேன்.

நேற்று ராத்திரி, அவரையும் ஒரு சோள ரொட்டியும்.
தட்டில் நாலு கரண்டி மிச்சம் இருக்கையில்
கை நின்றது.
நான் நிறுத்தவில்லை, அதுவாக.
"என்ன?" என்றாள் ஒப்துலியா.
கையைக் காட்டி அமர்த்தினேன்.
உள்ளே யாரோ நடந்து வருவது போல,
தாழ்ப்பாளில் விரல் பட்டது போல.

காத்திருந்தேன்.
கதவு திறக்கவில்லை.
மிச்சத்தையும் தின்றுவிட்டேன்.

ஆனாலும் அந்த இரும்பு அசைந்ததை
முப்பது வருஷம் கதவு தட்டியவனுக்குத் தெரியும்.