அடித்தட்டு

வெள்ளம் வடிந்த நான்காம் நாள்.
ஜாலான் பி. ரம்லியில் ஒரு கடைவீடு,
சுவரில் என் இடுப்பளவுக்குப் பழுப்புக் கோடு.
கோட்டுக்குக் கீழே எல்லாம் இழப்பு,
மேலே எல்லாம் கேள்வி.
காப்புறுதிக் கணக்கெடுக்க வந்தவள் நான்.
ரப்பர் பூட்ஸ், கிளிப்போர்டு,
எதற்கும் உதவாத ஒரு முகமூடி.

தவுக்கே தியோவின் சரக்கறையில்
அட்டைப் பெட்டிகள் கஞ்சியாய்க் கரைந்து கிடந்தன.
லேபிள் கழன்ற பாட்டில்கள்
நீல ஐசிக்குக் காத்திருப்பவர்கள் போல
வரிசை குலையாமல் நின்றன.
நாற்பத்தொன்று. இரண்டு முறை எண்ணினேன்.

“எல்லாம் ஆஸ்திரேலியா சிராஸ், மிஸ் தவமணி.
பேரைச் சொன்னால் இந்தத் தீவில்
நாலு டாக்டர்கள் கார்ச் சாவியை எடுப்பார்கள்.”
பேரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.
அந்தப் பேர்தான் இந்தப் பாட்டில் என்பதற்கு
அவர் வாயைத் தவிர சாட்சியில்லை.

அவரே ஒன்றைத் திறந்தார்.
காலை மணி பதினொன்று.
துடைத்துக்கொண்டிருந்த கமருல் நிமிர்ந்து பார்த்தான்,
பிறகு மரியாதையாக முதுகைத் திருப்பிக்கொண்டான்.
தக்கையில் ஊதா ஈரம்,
அதன் பக்கவாட்டில் வருடம்.
தியோ நாக்கைத் தட்டினார்: “மழை வருஷம்.”

அங்கே கோடை முழுக்க மழையாம்.
கொடியிலேயே பூஞ்சணம் பூத்ததாம்.
குலை குலையாய்ப் பிரித்து
மூன்றில் இரண்டு பங்கை மண்ணில் எறிந்தார்களாம்.
இத்தனை பெரிய பேரை
இந்த வருடத்தின் மேல் ஒட்டலாமா என்று
முதலாளிகளுக்குள் சண்டையாம்.
ஒட்டினார்கள். டாக்டர்கள் வாங்கவில்லை.
அதனால்தான் அலமாரியின் அடித்தட்டு,
தண்ணீர் முதலில் வந்து தொடுகிற இடம்.

கோப்பிக் குவளையில் ஊற்றித் தந்தார்.

நல்ல வருடத்துச் சிராஸ் எனக்குத் தெரியும்,
கம்பெனி விருந்தில் ஒருமுறை.
இருக்கிற நகையெல்லாம் போட்டுக்கொண்டு வந்த
கல்யாணப் பெண்ணின் சித்தி அது,
பேச்சை நிறுத்தவே இல்லை.

இது முதல் வாயில் ஒன்றுமே சொல்லவில்லை.
மெலிவு.
வாசல்வரை வந்துவிட்டு
செருப்பைக் கழற்றலாமா என்று யோசிக்கிற மெலிவு.
பிறகு மிளகு. தூளல்ல, தட்டிய மிளகு.
வெற்றிலைக் காம்பு. நனைந்த சணல் கயிறு.
எங்கோ ஒரு நாவற்பழம்,
அதுவும் ஒரு பக்கம்தான் கறுத்தது.
விழுங்கிய பிறகு
ஈறுகளைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒன்று
போகமாட்டேன் என்றது.

அதற்கு தியோ ஆங்கிலத்தில் தேடினார்,
ஹொக்கியனில் தேடினார், கையை விரித்தார்.
துவர்ப்பு.
ஆறில் ஒன்றாய்ப் பேர் இருந்தும்
பந்தியில் யாரும் கேட்டு வாங்காதது.
நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
குவளையை நீட்டினேன், இன்னும் கொஞ்சம்.

“இது கெடவில்லை, தவுக்கே.”
“கெடவில்லை.”
“அப்படியானால் உங்களுக்குப் பணம் குறையும்.
திறந்திருக்கக் கூடாது.”
“தெரியும்,” என்றார்.
“வந்த நாளிலிருந்து விற்கவில்லை என்று திட்டினேன்.
ஒரு வாய் குடித்துப் பார்த்ததில்லை.”

படிவத்தில் மூன்று கட்டம்:
நல்ல நிலை, சேதம், முழு இழப்பு.
எண்ணிக்கையை நாற்பது என்று திருத்தினேன்.
கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில்
காரணம்: மழை
என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இரண்டு வாரம் கழித்து
கோலாலம்பூர் தலைமையகத்திலிருந்து போன்.
எந்த மழை என்று கேட்கிறார்கள்.